கமலாதேவி கேட்ட கதவு

லிங்கநகர்,
திருகோணமலை.
09.02.2025, ஞாயிறு

அன்பு மகள் றொஷானிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம். மெல்பேணில நீயும் மருமகனும் அப்பிடியே இருக்க வேணுமெண்டு காலமைப் பூசையில மன்றாடிப்போட்டுத்தான் எழுத இருந்தனான். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. இண்டைக்கு ஒரு சங்கதி சொல்ல வேணும், வாசிச்சுப்போட்டுக் கோவிக்காத. இந்தியா முகாமுகளில இருந்து திரும்பி வாற சனம் நாலு பேரோட கூடிக் கதைச்சு ஆறுதலாய் இருக்கட்டுமெண்டு, எங்கட கோயில் பங்கின்ர பழைய வலைக் கொட்டிலைத் திருத்திக் கட்ட நீ கீறி அனுப்பின படத்தில ஒரு மாற்றம் செய்துபோட்டன்.

துறைமுகத்தைப் பார்த்த அந்தப் பெரிய யன்னலை நீ கீறின மாதிரியேதான் வைச்சனாங்கள். பின்னேரத்தில தண்ணியில பட்ட வெயில் உள்முகட்டில அசைஞ்சு அசைஞ்சு ஓடும், கப்பலெல்லாம் நித்திரை கொள்ளுற மாதிரி நிக்கும், நான் மர வாங்கில சாய்ஞ்சு இருந்தால் நீயே அந்த அறைக்குள்ள மெல்ல நடந்து திரியிற மாதிரி இருக்கும். போன மாதம் அந்த வாசலுக்குக் கமலாதேவி எண்டு ஒரு மனிசி வந்தா. மூதூர்ப் பக்கம். இரண்டாயிரத்து ஆறில மன்னாரால இந்தியாவுக்கு வள்ளம் ஏறினவ, வழியில புருசனைக் கடல் கொண்டுபோட்டுது. பதினெட்டு வருசம் முகாமில இருந்து இப்பதான் மகளோட திரும்பினவ. செருப்பைக் கழட்டினவ, நேர எதிரில தண்ணியைக் கண்டதும் திரும்பச் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிட்டா. மூண்டு தரம் அப்பிடி.

யோசிச்சுப் பார் மகள். வாங்கோ எண்டு ஒரு இடத்தைக் கட்டிப்போட்டு, வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிறதோ? மேசன் றுவைஸைக் கூப்பிட்டு யன்னலைக் கல்லு வைச்சு அடைக்கச் சொன்னன். ஐயா, மகள் கீறினதெல்லோ, ஒருக்கா யோசியுங்கோ எண்டு அவர் சொன்னவர், நான் கேக்கேல்லை. இரண்டு வரி கல்லு வைச்சு முடியக் கமலாதேவி மகளோட றோட்டால வந்தா. என்ன செய்யிறியள் எண்டு கேட்டா, சொன்னன். வைச்ச கல்லை ஒருக்காத் தொட்டுப் பார்த்தா. பிறகு, எனக்காகக் கடலை மூடாதேங்கோ ஐயா, என்ர பிள்ளைக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க விருப்பம், எனக்குப் பின்னால, சமைக்கிற குசினிப் பக்கம் ஒரு கதவு விடுங்கோ, நான் அதால வாறன் எண்டா. சீமெந்து இறுக முதலே றுவைஸ் கல்லுகளைக் கழட்டிப்போட்டார்.

பின்சுவரை உடைச்ச பிறகு, கதவு போட முதல் ஒரு நாள் விடியப்புறம், றோட்டில திரியிற இந்த ஊர் மான் ஒண்டு அந்த ஓட்டையால உள்ள வந்து அறை நடுவில நிண்டுது. யன்னலால துறைமுகத்தைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, வந்த வழியாலயே போச்சுது. நானும் றுவைஸும் இரண்டு பேரும் கண்டனாங்கள். கனவோ எண்டு இப்பவும் இருக்கு.

கமலாதேவி இப்ப ஒவ்வொரு நாளும் அந்தக் கதவாலதான் வாறா. கடலுக்கு முதுகு காட்டி இருந்து மரக்கறி வெட்டுவா, மகள் யன்னலடியில இருப்பா. போன செவ்வாய் ஒரு குடும்பம் பைகளோட வந்து, உள்ள வரத் துணிவில்லாமல் கேற்றடியில நிண்டுது. நான் எழும்ப முதலே கமலாதேவி பின்கதவால சுத்திப் போய், அவையோட நிண்ட கிழவரின்ர பையை வாங்கிக்கொண்டு, வாங்கோ, எந்தப் பக்கத்தால வந்தாலும் இது எங்கட இடந்தான் எண்டா. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டன்.

தேவதாயார் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருப்பா. வெயிலுக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மறக்காமல் அந்தக் கதவையும் உன்ர கையால படத்தில கீறி அனுப்பு. இப்ப அது நாங்கள் உடைச்ச ஓட்டை மாதிரித்தான் கிடக்கு, நீ கீறினால்தான் அது வாசல்.

அன்பு முத்தங்களோட உன்ர பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
சூசைப்பிள்ளை