அரை மணிக்கூறு இருட்டு

பரண்மேலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கினேன். பழைய காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் முதலில் வந்தது: "அந்தச் சனியன அரை மணிக்கூறு அணைச்சுப் போடு மக்கா." கர்த்தர் பிறப்புக்குத் தொங்கவிட்டதைச் சனியன் என்று சொன்ன ஒரே சபைக்காரன் நீதான்.

லைன்மேனாக இருந்த காலமெல்லாம் கேட்காமலே எங்களுக்கு இருட்டைத் தந்தவன் நீ. ரிட்டயரானதும் ஒரு தொலைநோக்கியை வாங்கிவைத்துக்கொண்டு, அதே தெருவில் வீடுவீடாக ஏறி இருட்டு கேட்டாய். எல்லாம் ஒரு கல்லுக்காக. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தில், செவ்வாய்ப் பக்கமாக ஓடுகிற ஐரிஸ். தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளிதான். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காத புள்ளி எதுவோ, அதுதான் கல் என்றாய்.

போன டிசம்பரில் நீ பார்க்கத் தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் கர்த்தர் கிருபையால் கரண்டு போயிற்று. பழைய சகாக்களை வாழ்த்திக்கொண்டே புள்ளிகளைத் தாளில் வரைந்தாய். மறுநாள் பார்த்துக் கரண்டு போகவே இல்லை. நீ கெஞ்சித் தெருவே விளக்கை அணைத்தது. உன் மாடிக்கு நேரே என் வீட்டு ஸ்டார் மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது. கல்லைப் பார்க்க இயேசுவின் ஸ்டாரை அணைப்பதா என்று என் மனைவி ரோஸ்லின் சுவிட்சுக்குக் காவல் நின்றாள். அந்தக் கல் மறுபடி நன்றாகத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேலாகும். உனக்கோ டாக்டர் அவ்வளவு தவணை தரவில்லை.

"ஞானிகளும் வானத்த அண்ணாந்து பாத்துத்தானே இயேசுவத் தேடி வந்தாவ, ரோஸ்லின்?" என்றாய். அவள் சுவிட்சைத் தட்டிவிட்டு, உனக்கு முன்னாலேயே மாடியேறி, முதல் ஆளாகக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா அண்ணே தெருவையே குருடாக்குனிய?"

நீ தாளையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தாய். "நவுந்திருக்கு மக்கா. கல்லு நவுந்திருக்கு" என்று என்னையும் குனிய வைத்தாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கண்ணிமை மயிர்தான். பார்த்துவிட்டேன் என்றேன். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டாயே, பாவி! சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது.

இன்று ஸ்டாரைக் கட்டி விளக்கைப் போட்டேன். சற்று நேரத்தில் ரோஸ்லின் எழுந்துபோய் அணைத்தாள். இந்த டிசம்பரில் அந்தக் கல் இந்நேரத்துக்கு வராதே என்றேன்.

"கல்லுக்கில்ல. அண்ணனுக்கு."

உன் மொட்டைமாடியைப் பார்த்தபடி அரை மணிக்கூறு இருட்டில் நின்றோம். கொசு பிடுங்கி எடுத்தது. எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது, மக்கா.