கண் திறக்காத படை

மாப்ளே,

இன்று காலை சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு, உன் வீட்டுக்கு, பஸ்ஸில் வந்தேன். நீ வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனி இருக்கிற செம்மங்குப்பம் நெருங்கியதும் வழக்கம்போல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எனக்கு மூடத் தோன்றவில்லை. அந்த நெடியில் உன் சட்டை இருந்தது, உன் மாடி அறை இருந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ போய் இத்தனை மாதம் ஆகியும் உன் மேல் இருக்கிற கோபம் மட்டும் போகவில்லை.

நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். இப்போதே கேட்கிறாள், "மாமா, திட்டுறதையும் எழுதணுமா?" என்று. "எல்லாத்தையும் எழுதும்மா, அவனுக்குத்தான போவுது" என்றேன்.

கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் நீ என்ன செய்வாய் என்று என் தங்கச்சிக்கு ஒரே கவலை. சீட்டாடத் தெரியாது, கோயிலுக்கும் போகமாட்டாய். அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கிற உன் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். உள்ளே சுண்டுவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் பொம்மைகள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போய்ச் சண்டை போடுகிற படைவீரர்களாம். மேஜை மேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டாம். எல்லாம் வெறும் சாம்பல் நிறத்தில் வரும், வாங்குகிறவன்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். அவன் மறந்துபோனதை நீ எடுத்துக்கொண்டாய்.

முதல் முறை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். "இன்னாடா மாப்ளே, எல்லாவனும் மாஸ்க்கு போட்டுனு நிக்கறானுங்க. உன் கம்பெனி ஷிப்ட்டு ஆளுங்களா?" நீ கோபப்படவில்லை. அடுத்த வாரம் வந்தால் எல்லாருக்கும் கம்பெனிச் சட்டை நீலத்தை அடித்து வைத்திருந்தாய்.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதி. இன்டர்நெட்டில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாய். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர்களுக்குள் ஒரு சவால். மாதம் பிறக்கும்போது ஆரம்பித்து, வருஷம் முடிவதற்குள் முப்பது பொம்மை கொண்ட ஒரு படையை முழுதாக அடித்து முடித்து போட்டோ அனுப்ப வேண்டும். முடித்தவன் பெயரையும் ஊரையும் அவர்களுடைய இன்டர்நெட் பக்கத்தில் போடுவார்கள். பரிசு அவ்வளவுதான். "அதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டேன். "அத்தன நாட்டு ஆளுங்க பேரு வருது மச்சான். கடலூர்னு ஒண்ணு வரட்டுமே" என்றாய்.

மூன்று வருஷம் கலந்துகொண்டாய், மூன்று வருஷமும் முடிக்கவில்லை. ஒரு தோள்பட்டைக்கு ஒரு நாள் செலவு செய்தால் எப்படி முடியும்? அடிப்பாய், பூதக்கண்ணாடியில் பார்ப்பாய், சுரண்டுவாய், மறுபடி அடிப்பாய். நான்காவது வருஷம், அதாவது போன டிசம்பரில், நீயே சிதம்பரத்துக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாய். "மச்சான், இந்த வருஷம் வுட்டா அவ்ளோதான். நீ வா" என்றாய். எதற்கு அவ்ளோதான் என்று அப்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்கமாட்டாய்.

என்னைக் கூப்பிட்டது என் வேகத்துக்காக. சுனாமிக்கு அடுத்த வருஷம் புதுப் படகுகள் வரிசை வரிசையாக வந்து இறங்கினபோது, கரையில் நிறுத்தி ஒரே நிறத்தை எல்லாப் படகுக்கும் அடித்துவிட்டு, திரும்பி முதல் படகுக்கு வந்து அடுத்த நிறத்தை எடுத்தவன் நான். அந்த நாட்களில் லீவு போட்டுவிட்டு நீயும் பிச்சாவரத்துக்கு வந்திருந்தாய். தண்ணீரில் இறக்கிய ஒரு படகுக்கு விளிம்புக்கோடு விட்டுப்போய், நான் படகில் நின்றபடியே குனிந்து இழுத்தேன். படகு ஆடியது. நீ பின்னால் நின்று என் இடுப்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. "ஆடுறது படகு மச்சான், நீ இல்ல" என்று காதருகில் சொன்னாய்.

உன் மாடியில் அதே வேலையைத்தான் செய்தோம். முதல் நாள் நான் படகுக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயிண்டைக் கொண்டுவந்து ஒருவனுக்கு அடிக்க, அவன் முகமே பெயிண்டில் மூழ்கிவிட்டது. "யோவ் மச்சான், இது உப்புத்தண்ணியில ஓடப்போறதில்ல" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு துணிக்கு அடிக்கிற பெயிண்டைத் தண்ணீர் விட்டு நீர்த்துக்கொண்டோம். மருந்து பாட்டில் மூடிகளில் ஒவ்வொருவனையும் ஒட்டி வரிசையாக நிறுத்தினோம். எல்லாருக்கும் நீலம். காய்ந்ததும் எல்லாருக்கும் துப்பாக்கிக்குக் கறுப்பு. பிறகு தலைக்கவசத்துக்கு மஞ்சள். பள்ளங்களில் இறங்கும்படி நீர்த்த பழுப்பு. நீ ஒருவனை எடுத்துச் சுரண்டப் போனால் நான் கையைத் தட்டிவிட்டேன். "மூணாவது வரிசையில நிக்கறவன் தோள எவன் பாக்கப்போறான்?"

சில விஷயங்கள் எனக்கு எரிச்சலாக இருந்தன. காலையில் கொஞ்ச நேரம் பிரஷ் பிடிப்பாய். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பாய், முதலாளி மாதிரி. டீ கொண்டுவந்தால் "பாதி ஊத்துமா, போதும்" என்பாய். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தவன் குனிந்து அடித்துக்கொண்டிருக்க, நீ பாதி டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

அந்தக் கடைசி வாரம் புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி. மாஸ்க்கில் இருக்கிற கண்ணாடிகளில் ஆளுக்கு இரண்டு சிவப்புப் புள்ளி. நான் பிரஷ்ஷை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கண்ணு நான்தான் வைப்பேன்."

"வையி. யாரு வேணாங்கறா? உக்காரு."

"இப்ப இல்ல. வெள்ளிக்கெழம காலையில. நல்ல நேரம் பாத்து வைச்சிட்டு, சனிக்கெழம போட்டோ அனுப்பிடலாம்."

"நாளைக்கு இன்னா கேடு?"

"நாளைக்கு விடியக்காலம் எமகண்டம்."

"ஏழரைக்கு முடிஞ்சிடும்டா! இது இன்னா அய்யனாரா, நாள் பாத்துக் கண்ணு தெறக்க? பிளாஸ்டிக்கு! ரெண்டு புள்ளி! ஒரு மணி நேர வேல!"

"எங்க அப்பா அய்யனாருக்குக் கண்ணு தெறந்தவரு மச்சான். எந்த பொம்மையா இருந்தாலும் கண்ணு கடைசியாத்தான், நல்ல நேரத்துலதான்."

வாழ்நாளில் பஞ்சாங்கத்தைத் தொடாதவன் நீ. என் தங்கச்சி கல்யாணத்துக்கே நாள் பார்க்க வேண்டாம் என்று சண்டை போட்டவன். "கண்ணு இல்லாமலே அனுப்பு" என்றேன். அரைகுறை என்று தள்ளிவிடுவார்கள் என்றாய். நான் வாயில் வந்ததைத் திட்டிவிட்டு பஸ் ஏறினேன். நீ மாடியில் நின்று கையைக்கூட ஆட்டவில்லை. கை பைக்குள் இருந்தது.

வியாழக்கிழமை மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் புயல் கடலூரை அடித்துப் போட்டுவிட்டது. நீ பார்த்த நல்ல நேரத்தில் உன் மாடியில் கூரை இல்லை.

பாதையில் விழுந்த மரங்களை வெட்டித் தள்ளி, பஸ் ஓட ஆரம்பித்த அன்றே வந்தேன். தெருவெல்லாம் கம்பங்கள் வளைந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, சனிக்கிழமையும் போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளுக்கு நடுவே நீ குந்திக்கொண்டு சேற்றிலிருந்து உன் நீலச்சட்டைக்காரர்களைப் பொறுக்கி பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாய். உயிரோடு இருக்கிறாயே என்று கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்த வார்த்தை, "ரெண்டு புள்ளிடா!" என்பதுதான்.

நீ நிமிரவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மச்சான்" என்றாய்.

அடுத்த வருஷம் டிசம்பர் வந்துவிட்டது. நீ ஆவணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினபிறகு தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தாள். திறந்தேன். உள்ளே நம் ஆள் ஒருவன். நீலச்சட்டை, மஞ்சள் கவசம். ஒரு கண்ணில் சிவப்புப் புள்ளி சரியாக இருந்தது. இன்னொரு கண்ணிலிருந்து சிவப்பு வழுக்கி, மாஸ்க்கைத் தாண்டி, தோள்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"புயலுக்கு மொத நாளு, வியாழக்கெழம காலையில வைச்சுப் பாத்தாருண்ணே. கை நிக்கல" என்றாள்.

"இன்னாது கை நிக்கல?"

"உனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா கை நடுங்குது. மாத்திர போட்டா காலையில கொஞ்ச நேரம் நிக்கும், அதுவும் சில நாளு நிக்காது. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'மச்சான் நூல் புடிச்ச மாதிரி கோடு இழுக்கறவன், அவன் முன்னால என்னால முடியாது'ன்னாரு."

நல்ல நேரமாம். எமகண்டமாம். மாத்திரை வேலை செய்யப்போகிற ஒரு காலைக்காகக் காத்திருந்துவிட்டு, உன் அப்பாவையும் அய்யனாரையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். பாதி டீ எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஏண்டா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருப்பாய்? ஆடுகிற படகில் நீ என் இடுப்பைப் பிடிக்கவில்லையா? அதே மாதிரி உன் மணிக்கட்டை நான் பிடித்திருக்கமாட்டேனா? புள்ளி நீ வைத்ததாகத்தானே இருந்திருக்கும்? புதன்கிழமை சாயங்காலமே முடிந்திருக்கும், புயல் பிறகு வந்து கூரையை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இருந்திருப்போம்.

உன் மகனிடம் கேட்டேன், இந்த வருஷம் கண் மட்டும் வைத்து உன் பெயரில் அனுப்பலாமா என்று. "அந்தந்த டிசம்பர்ல ஆரம்பிச்சதுதான் மாமா கணக்கு. போன வருஷத்தது இப்ப செல்லாது" என்றான். அதுதான் விதியாம். கடலூர் என்கிற பெயர் அந்தப் பக்கத்தில் வராமலே போய்விட்டது.

இன்று வீட்டுக்குப் போனபோது தங்கச்சி அந்த பக்கெட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். "கண்ணாவது வைச்சிடுண்ணே, பாக்க ஒரு மாதிரி இருக்குது" என்றாள். பிரஷ்ஷை நனைத்தேன். ஒருவனை எடுத்தேன். கண்ணு நான்தான் வைப்பேன் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. செத்தும் பிடிவாதம் போகவில்லை பார் என்று அவனைத் திரும்பப் போட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடிக் கூட்டில் இருந்தவனையாவது சுரண்டிச் சரியாக வைக்கச் சொன்னாள். அதற்கும் மாட்டேன் என்றேன். நீ கடைசியாக இழுத்த கோடு அது. கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறான். திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் பக்கம் ரோடு இன்னும் சரியில்லை, பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் பையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், மாப்ளே. ஆடியது பஸ்தான்.