துரும்பில் தொற்றிய எறும்பு

இன்று காலை கூட்டுக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே செவ்வெறும்புகள், முட்டைகளைக் கவ்விக்கொண்டு கம்பிகளுக்கு நடுவில் குடியேறியிருந்தன. அவை வரக்கூடாதென்று நீ அந்துருண்டை கட்டித் தொங்கவிட்ட துணி முடிச்சு காலியாகத் தொங்கியது. வாசனை மட்டும் மிச்சம். முட்டையோடு மேலே ஏறினால் மழை நிச்சயம். இதைச் சொல்ல வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். உன் நிலத்தில் கோரைதான் நிற்கிறது.

ஏரி உடைந்த அந்தப் புயலில் நம் இருவர் மல்லாட்டையும் ஒரு கடலைகூட மிஞ்சாமல் அழுகியது. இந்த மோட்டார் கொட்டகையருகே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தோம். சிவப்பு அடை போல ஒன்று மிதந்து வந்தது. ஒன்றின் காலை மற்றொன்று பற்றி, முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு எறும்புகளே தெப்பமாகியிருந்தன.

"அடியில இருக்கிறதெல்லாம் செத்துப்பூடும்டா," என்றாய்.

"சாவாது. மாறி மாறி மேல வரும். பாத்துக்கினு இரு."

"பெரிய எறும்பு டாக்டரு. எங்க படிச்ச?"

"வரப்புல."

பார்த்துக்கொண்டே நின்றோம். அடியில் இருந்தவை மேலே வந்தன, மேலே இருந்தவை அடிக்குப் போயின. நீ ஒப்புக்கொள்ளவில்லை. வேறு பக்கம் கை காட்டினாய்.

"அதோ ஒண்ணு, தனியா துரும்பப் புடிச்சிக்கினு போவுது. உன்ன மாதிரியே. யாரு பேச்சையும் கேக்காது."

அன்று சிரித்தேன்.

அடுத்த தையில் உன் மகன் உன்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனான். "ரெண்டு மாசத்துல வந்துடுறேன். என் முறைத் தண்ணியையும் நீயே எடுத்துக்கோ," என்றாய். அங்கே மாடி வீட்டில் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் விழுப்புரம் என்ன தூரம்? எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் உன் மகன் மேலும் இருக்கிறது, போன உன் மேலும் இருக்கிறது.

போன மாதம் அவன் வந்தான்.

"பெரியப்பா, ரெண்டு நிலத்தையும் சேத்துக் குடுத்தாதான் மனை போடுறவங்க வாங்குவாங்க. கெணத்த மூடிடலாம். தனியா இருந்து இன்னா பண்ணப் போறீங்க?"

"உங்கப்பன் முறைத் தண்ணி இன்னும் கெணத்துல கெடக்குதுடா. அதுமேல மண்ணப் போடுவியா?"

"உங்களோட பேஜாருங்க," என்று எழுந்து போனான். என் பிள்ளைகளும் அவன் கட்சிதான். அவர்கள் பணத்துக்கு நான் கையை நீட்டினால் நாளைக்கே லாரியில் மண் வந்துவிடும். நீட்ட மாட்டேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன முறையை நான் ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் நாளில் உன் நிலத்துக்குத்தான் பாய்கிறது. கிழவன் கோரைக்குத் தண்ணீர் கட்டுகிறான் என்று ஊர் சிரிக்கிறது.

பழைய பெயின்ட் பிரஷ்ஷால் எறும்புகளைத் தேங்காய் ஓட்டில் தள்ளி, முட்டைகளோடு நம் வரப்பு மேட்டில் விட்டேன். கை முழுக்கக் கடி. துரும்பைப் பிடித்துக்கொண்டு போன அந்த எறும்பு கரையேறியதா என்று அன்று நாம் பார்க்காமலே விட்டுவிட்டோம்.

மோட்டார் ஓடியது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. வரட்டும். உன் பக்கத்து மடையைத் திறந்துவிட்டேன். இன்று உன் முறை.