தண்டவாளத்துப் பக்க ரூம்

21.4.2006, வெள்ளி

நாத்தனார் குடும்பத்தோடு அந்தமான் ரிசார்ட்டுக்குப் போகும் வழியில் சென்னையில் ஓர் இரவு தங்க வேண்டும். லாட்ஜ் பிடிக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் என்னிடம் விட்டார். "அக்காவுக்குச் சத்தம் ஆவாது. சின்னச் சத்தத்துக்கே முழிச்சிக்கும். பாத்துப் போடு" என்றார்.

பார்த்துத்தான் போட்டேன்.

அவருடைய அக்கா பொங்கலுக்குத் தன் சம்பந்தியோடு வந்திருந்தாள். நான் கொடுத்த காபிக் கப்பைத் தூக்கி அடியைப் பார்த்தாள். சூளையில் லேசாகக் கோணிப்போனதால் கம்பெனியில் ஒதுக்கிய கப்பு. "எங்க தம்பி வூட்ல எல்லாமே செகண்ட்ஸுதாங்க, பொண்டாட்டியும் சேத்து" என்று சிரித்தாள். சம்பந்தி சிரித்தார். இவரும் சிரித்தார். செராமிக் கம்பெனியில் நல்ல சரக்கையும் செகண்ட்ஸையும் தரம் பிரிப்பதுதான் என் வேலை. என் வேலைச் சொல்லாலேயே என்னை அடித்தாள்.

இன்று எழும்பூர் லாட்ஜ் ஒன்றுக்கு போன் போட்டேன். "ரோட்டுப் பக்கம் ரூம் இருக்குது மேடம், ராத்திரியில அமைதியா இருக்கும்" என்றார் மேனேஜர்.

"வேணாங்க. தண்டவாளத்துப் பக்கமே குடுங்க."

நாள் முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். சோறு போடும்போது இவர் சொன்னார்: "ஆம்பளைங்க ஒரு ரூம்பு. நீயும் அக்காவும் ஒரு ரூம்பு."

கரண்டி ஒரு நொடி நின்றது.

"ஏன், ஆவாதா?"

"ஆவும்" என்றேன்.

ஜங்ஷனை ஒட்டிய இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாகப் படுக்கிறேன். ரயில் வராவிட்டால்தான் எனக்கு விழிப்பு வரும்.