மூலைக்கு மூலை பதினொன்று

மயிலாடி,
சனிக்கிழமை.

அன்புள்ள மகள் ஜாஸ்பினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், பெரியப்பா வீட்டிலும் எல்லாரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நீயும் மருமகன் சுஜினும் அந்தக் குளிரில் நல்லபடி இருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். லீமாவின் மகள் பெபிஷா திங்கட்கிழமை உங்கள் அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், அவளிடம் ஏத்தங்காய் சிப்ஸும் கருப்பட்டியும் குடம்புளியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதுவும் வரும். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன். ஒரு தடவை நீ சிரித்துவிட்டாய், மற்ற தடவை நானே பேச்சை மழைக்கு மாற்றிவிட்டேன். எழுதினால் இரண்டு தொந்தரவும் இல்லை.

விஷயம் அந்த டேப், அதுதான் பெரிய போன் மாதிரிப் பலகை, அந்த விஷயம்தான். அம்மா உனக்கு ஒரு டேப் வாங்கித் தருகிறேன், என் முகத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், எத்தனை இஞ்ச் வேண்டும் என்று கேட்டாய். உன் முகம் போனிலேயே எனக்குப் போதும் மகளே, நைட் ட்யூட்டி முடிந்து வந்த சோர்வு தெரிகிற அளவுக்கு அதிலேயே பெரிதாகத்தான் இருக்கிறது. எனக்கு டேப் வேண்டியது வேதம் வாசிக்க. அப்பா போனபிறகு சாயங்கால ஜெபத்தில் பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, வாசிப்பு மட்டும் இல்லை. உனக்குத் தெரியும், வாசிப்பது அவர் வேலை, ஜெபிப்பது என் வேலை, நம் வீட்டில் அப்படித்தான். முதல் அதிகாரத்தில் தொடங்கினால் கடைசி அதிகாரம் வரைக்கும் ஒன்றைத் தாண்டமாட்டார், பலிக்கு ஆடு எத்தனை, கூடாரத்துக்கு எத்தனை முழம் என்று வரும் இடங்களையும் அழுத்தமாக வாசிப்பார். அவர் நிறுத்திய இடத்தில் புத்தகத்தின் அடையாள நாடா அப்படியே கிடக்கிறது. தெரிந்த சங்கீதங்களை வாசியுங்கள் போதும் என்று போதகர் சொன்னார், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அந்த நாடா கிடக்கிற இடத்திலிருந்து வாசிக்கவேண்டும். அவர் பாதியில் விட்டது பாதியிலேயே கிடக்கக் கூடாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு, கண்ணும் மங்கினபிறகு, அந்தப் பொடி எழுத்து தெரியவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று தந்தார்கள், அது அம்மிக்கல் கனம், அப்படியும் எழுத்து எனக்குக் காணாது. இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறாயே என்று கேட்காதே, எழுதுவது நம் கை, எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம், அதனால்தான் இத்தனை தாள்.

நீ ஒரு வார்த்தை கேட்டாய், இங்கே ஒரு சபைக்கூட்டமே நடந்துவிட்டது. உன் நேசமணி பெரியப்பாவிடம் சும்மா சொன்னேன், அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எடுக்கியதுதான் எடுக்கா, பெருசா எடுக்கச் சொல்லு செல்லபாய், பதிமூணு இஞ்சு, கண்ணுக்கும் நல்லது, கௌரவமாட்டும் இருக்கும் என்றார். கிரிக்கெட் வருமா என்று நடுவில் ஒரு கேள்வி கேட்டார், அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஷைஜா, அதுதான் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள் எட்டு இஞ்சுக்கு மேலே ஒரு நூல்கூடக் கூடாது என்று நிற்கிறாள். மைனி, பெருச வாங்கினா கோயிலுக்கு எப்பிடி கொண்டுபோவிய, கக்கத்துல இடுக்கிட்டுப் போனா கல்யாண வீட்டுக்குத் தாம்பாளம் கொண்டுபோறியளான்னு கேப்பாவ என்றாள். அவளுக்கு அதற்கு ஒரு கவர் தைக்கவேண்டும், அதில் முத்து வைக்கவேண்டும், அதற்குத்தான் அவளுக்கு எட்டு. மருமகன் சுஜின் பத்து இஞ்ச் நல்லது என்று படம் எல்லாம் போட்டு அனுப்பியிருந்தார். அதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். நடுவில சொல்லுகவனுக்கு அபிப்பிராயம் கிடையாது, ரெண்டு பக்கமும் சண்ட வரண்டாமுன்னு சொல்லுகான் என்று தள்ளிவிட்டார். நீ இதைச் சுஜினிடம் சொல்லாதே, நல்ல பிள்ளை, எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

பிறகு அளந்து பார்த்துவிடலாம் என்று பெரியப்பா ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஸ்கேல் வைத்து, நாலு பக்கமும் பதிமூணு பதிமூணு என்று கோடு போட்டு வெட்டினார். சுளகு மாதிரி ஒன்று வந்தது. எங்கே வைக்கப் போகிறோம் என்று பார்க்க அதைச் சுவரில் தூக்கிப் பிடித்தார், அது அப்பாவின் படத்தைவிடப் பெரிது. இந்த வீட்டில் அவரைவிடப் பெரிய படம் ஒன்று மாட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார், தம்பி நினைவு வந்திருக்கும். பிறகு செரி, பன்னிரண்டு என்றார். அதற்குள் ஷைஜா பக்கத்துக்கு எட்டு என்று துணியை வெட்டி, ஜிப் வைத்து, முத்தும் வைத்து, கவரைத் தைத்தே கொண்டுவந்துவிட்டாள். வாங்காத டேப்புக்குத் தைத்த கவர் நம் ஊரில் முதல் தடவையாக நம் வீட்டில்தான் இருக்கிறது.

மறுநாள் நானும் பெரியப்பாவும் ஷைஜாவும் சுசீந்திரத்தில் பெனிஷ் கடைக்குப் போனோம். பெனிஷ் உன்னோடு டியூஷன் படித்தவன், இப்போது போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொந்தி வைத்திருக்கிறது. எட்டு இஞ்ச் காட்டு என்றதும் ஒன்றை எடுத்து வைத்தான். ஷைஜா அதைத் தன் கவருக்குள் விட்டாள், அது கோணிக்குள் எலி போனது மாதிரி உள்ளே போய் ஒரு மூலையில் கிடந்தது. எட்டுன்னு சொல்லி ஆறைத் தாறியளோ என்று அவனிடம் சண்டைக்குப் போனாள். அவன் ஸ்கேலை எடுத்துக் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வைத்துக் காட்டி, அக்கா, இதுக்க அளவு பக்கம் இல்ல, மூலைக்கு மூலையாக்கும், எல்லா கம்பெனியும் அப்பிடித்தான் என்றான். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். மூலைக்கு மூலை அளந்து வயல வித்தா எவனாவது வாங்குவானாடே, ரிஜிஸ்தர் ஆபீசுக்குள்ள விட்டுருவானா என்று கேட்டார். கடைக்கு வந்த மற்றவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள், ஒருத்தர் அப்படியென்றால் கட்டிலையும் மூலைக்கு மூலை அளந்து படுக்கவேண்டியதுதான் என்றார். பெனிஷ் பாவம், அவன் என்ன செய்வான். ஷைஜா மட்டும் தோற்கவில்லை. எடம் கூடக் கிடந்தா நல்லதுதான், கண்ணாடியும் சார்ஜரும் காணிக்கக் கவரும் வைக்கண்டாமா மைனி என்று கவரை என் கையில் கொடுத்துவிட்டாள்.

பெனிஷுக்குப் புத்தி உண்டு. இவர்கள் சண்டை ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா நீங்க இத வச்சு என்ன செய்யப் போறிய என்று என்னைக் கேட்டான். அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. வாசிக்க மக்கா என்றேன். அப்படியானால் வீட்டில் கொண்டுபோய் வாசித்துப் பாருங்கள், வாசிக்காமல் இஞ்ச் தெரியாது என்று, விற்க வைத்திருந்த பழைய டேப் இரண்டில் வேதத்தை ஏற்றி, இரண்டு விரலால் எழுத்தை இழுத்துப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்து, சும்மா தந்துவிட்டான். ஒன்று எட்டு, ஒன்று பதிமூன்று. பதிமூன்றைப் பெரியப்பா தன் மடியிலேயே வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார்.

முதல் நாள் எட்டு இஞ்ச். கைக்கு அடக்கமாக, பூனைக்குட்டி மாதிரி இருந்தது. நாடா கிடக்கிற இடத்தைத் தேடி எடுத்தேன் மகளே, எடுத்துப் பார்த்தால், அப்பா எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் தெரியுமா. பெயர்களாகவே வருமே, இன்னாருக்கு இன்னார், இன்னாருக்கு இன்னார் என்று, அந்த அதிகாரங்களுக்கு முன்னால் வந்து நிறுத்தியிருக்கிறார். நல்ல நல்ல கதையெல்லாம் அவர் வாசித்து முடித்துவிட்டு, வாயில் நுழையாத பெயர்களை முழுக்க என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக இருந்து சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதில் ஒரு நீட்டுப் பெயர் வரும், உனக்கு ஞாபகம் இருக்கும், ஓய்வுநாள் பள்ளியில் நீ சொல்ல வராமல் அழுதுகொண்டு வந்தாயே. இந்த மனுஷனுக்கு ரேஷன் கார்டு எடுத்தா பேரு எழுத ரெண்டு கார்டு வேணும் என்று அப்பா உன்னைச் சிரிக்க வைத்தாரே, அவர்தான். எனக்குத் தெரிகிற அளவுக்கு எழுத்தை இழுத்தால் எட்டு இஞ்சில் அவர் பெயர் பாதி இந்த வரியில், பாதி அடுத்த வரியில். நான் அவரை இரண்டு ஆளாக வாசித்துவிட்டேன். அப்பனும் மகனும் என்றே நினைத்தேன். ஷைஜா வந்தபோதுதான் கண்டுபிடித்தாள், மைனி, ஒத்த ஆள ரெண்டா பிச்சுப் போட்டியளே என்றாள். எழுத்தைச் சின்னதாக்கினால் பெயர் சேருகிறது, எனக்குத் தெரியவில்லை. அத்தோடு படுத்துக்கொண்டு வாசித்ததில் அது மூக்கில் வேறு விழுந்தது.

மறுநாள் பதிமூன்று. தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தேன். எழுத்து பெரிதாக, நன்றாக, கடை போர்டு மாதிரி வெளிச்சம், நீட்டுப் பெயர்க்காரர் முழுதாக நின்றார், அவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் நிற்க இடம் இருந்தது. ஆனால் மடியில் வைத்தால் கனம், கையில் எடுத்தால் கை கடுக்கிறது. வாசிக்க வாசிக்க என் கண் பக்கத்துக் காலி இடத்துக்கே போனது, ஏன் என்று முதலில் தெரியவில்லை. அது இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற பலகை ஜாஸ்பின். நான் ஒருத்தி. மூடி வைத்துவிட்டேன். பெரியப்பா வந்து எடுத்துப்போய் ஒரு மேட்ச் முழுதும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார், வீட்டில் ஆள் இருந்தும் சாயங்காலம் முழுக்க அவரும் தனியாகத்தானே இருக்கிறார், பார்க்கட்டும்.

இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெனிஷ், அம்மா இத ஒண்ணு பாத்துட்டு முடிவு சொல்லுங்கோ என்று பதினொரு இஞ்சில் ஒன்று தந்தான், அது அவன் வீட்டில் பிள்ளைகள் படிக்கிறது, ஒரு மூலையில் கீறல் விழுந்திருக்கிறது. நேற்று விளக்கு வைத்தபிறகு பாட்டுப் பாடி முடித்து அதை எடுத்தேன். இழுத்தேன். நீட்டுப் பெயர்க்காரர் ஒரே வரியில், தலையும் காலும் சேர்ந்து நின்றார், அவருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துக்குக்கூட இடம் இல்லை, அளவெடுத்துத் தைத்த மாதிரி. மெதுவாகத்தான் வாசித்தேன், சில பெயர்களில் வண்டி குழியில் இறங்கி ஏறினது மாதிரி இருந்தது, இரண்டு இடத்தில் திரும்பவும் வாசித்தேன். ஆனால் ஒன்றையும் தாண்டவில்லை. அந்த அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் சத்தமாக வாசித்தேன் மகளே, நான் தனியாக. முடித்துவிட்டு அப்பாவின் புத்தகத்தை எடுத்து நாடாவை நகர்த்தி வைத்தேன். பிறகு வழக்கம்போல ஜெபிக்கவேண்டுமே, வாசித்த களைப்பில் ஜெபம் ரொம்பக் குட்டையாகப் போய்விட்டது. இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்தால் அப்படித்தான், கர்த்தருக்குத் தெரியும்.

அதனால் பதினொன்று. பக்கத்துக்கு இல்லை, மூலைக்கு மூலை. சுஜினிடம் பத்தும் நல்லதுதான், ஒரே ஒரு பெயருக்காக ஒரு இஞ்ச் கூட்டினேன் என்று சொல்லு. பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பதினொண்ணு பிள்ளையளுக்க ஸ்லேட்டு என்கிறார். ஷைஜா கவரில் இந்த டேப்பை வைத்துப் பார்த்தாள், நீளம் கொஞ்சம் வெளியே நிற்கிறது. ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், முத்தை மட்டும் எடுக்கவிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவசரம் இல்லை, நீ ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் போதும், அதுவரைக்கும் அவன் பிள்ளைகளுக்குக் கடையிலிருந்து வேறொன்று கொடுப்பானாம், இதை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் பெனிஷ். உடம்பைப் பார்த்துக்கொள். ட்யூட்டிக்குப் போகும்முன் எதையாவது வயிற்றுக்குப் போடு, காப்பியை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கமாட்டேன். சிப்ஸ் முழுவதையும் சுஜினிடம் ஒரே நாளில் கொடுக்காதே. கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் போக்கிலும் வரத்திலும் காத்து, உங்கள் வீட்டில் சமாதானத்தையும் சிரிப்பையும் குறையாமல் வைக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. எப்போது கூப்பிட்டாலும் அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள் என்று பெபிஷாவிடம் பெருமையாகச் சொன்னாயாமே. அது பெருமை இல்லை மகளே, நான் சும்மா இருந்தேன். இனி இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். பயந்து பெரியப்பாவுக்குப் போன் போடாதே. அம்மா வாசித்துக்கொண்டிருப்பேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
செல்லபாய்