அம்மாவின் தலையாட்டல்

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமென்று ஃபோனில் சொன்னாய். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்று உன் ஃபெலோஷிப்பில் சொல்லித் தருகிறார்களாமே, அதனால் உன் இருமல் விஷயத்தில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை, வெந்நீர் குடி. மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். பிசியோதெரபி பெண் தவறாமல் வருகிறாள். அம்மாவின் வலது கை அப்படியேதான் இருக்கிறது, இடது கைக்கு மட்டும் இரண்டு கைக்கான பிடிவாதம் வந்திருக்கிறது. பேச்சு வரவில்லை.

உன் நிதி விண்ணப்பத்தை முனைக் கடையில் அச்சடித்து முழுவதும் படித்தேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் தங்கள் சிகிச்சையைத் தாங்களே முடிவு செய்ய என்ன வழி என்று ஆராயப் பணம் கேட்கிறாய், நல்ல காரியம். போன வருஷம் நீ எழுதியது எனக்கே புரியவில்லை, இது புரிகிறது, உன் பேராசிரியை உன்னை நன்றாக வறுத்தெடுத்திருக்கிறார். முதல் பக்கத்தில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம், நீ அம்மாவைச் சொல்லியிருக்கிறாய். பெயர் இல்லை, ஆனால் அந்த ஜன்னலோர நாற்காலி எனக்குத் தெரியாதா. 'முழுவதும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்' என்கிறாய். 'குடும்ப ஆதரவு அமைப்பு போதுமானதாக இல்லை' என்றும் சொல்கிறாய். அந்த வரியைப் படித்தபோது அந்த அமைப்பு அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. வகிடு கோணல் என்பதால் உன் கண்டுபிடிப்பை மறுக்க முடியவில்லை.

அம்மா சம்மதித்தாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியதற்கு என்னிடம் கொதித்தாய். "வீடியோவுல கேட்டேன்ப்பா, அம்மா தலையாட்டுனாங்க, இதுக்கு மேல அந்தம்மாவுக்கு என்ன வேணுமாம், வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றாய். பணம் கிடைக்காவிட்டால் உன் வேலையும் அதோடு முடிந்தது என்பது எனக்குத் தெரியும், நானும் உன் கட்சிதான். பேராசிரியையின் வாயை அடைப்பதற்காகவே மறுநாள் காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வரிவரியாக விரலை ஓட்டி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "இதப் போடலாமா" என்றேன். தலையாட்டினாள். எழுந்தவனுக்கு, கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. "அப்ப போட வேண்டாமா" என்றேன். அதற்கும் தலையாட்டினாள். டீ வேண்டுமா, வேண்டாமா, நான் நல்லவனா, கெட்டவனா, எல்லாவற்றுக்கும் அதே ஆட்டல். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் பேச்சுக்கு ஆட்டியது போலவே. சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கேட்கிறவர்கள் சீக்கிரம் விட்டுப் போகட்டும் என்றுதான் ஆட்டுகிறாள். டாக்டர் கேட்டபோதும் இப்படித்தான் ஆட்டியிருக்கிறாள், நாம் நம்பியிருக்கிறோம்.

பிறகு காகிதத்தை அவள் மடியில் வைத்து, மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது, உனக்கே தெரியும். அந்த 'முழுவதும் பிறரைச் சார்ந்து' என்ற வரியின் மேல் இடது உள்ளங்கையை வைத்தாள். எடுக்கப் பார்த்தேன், விடவில்லை. முகத்தைப் பார்த்தேன், அது கோபம், எனக்குப் பழக்கமான முகம்தான். அந்தப் பக்கம் வேண்டாம் கண்ணு, எடுத்துவிடு. அதற்குப் பதில் நடந்ததை எழுதலாம் என்று தோன்றுகிறது: நீ கேட்டாய், அவள் தலையாட்டினாள், நாம் இருவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். உன் ஆய்வு எதற்கென்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கும் அவள் சம்மதம் வேண்டும் அல்லவா, அதனால் இந்தக் கடிதத்தை இதுவரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இதை எழுதலாமா என்றேன். தலையாட்டினாள். எழுத வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். தலை அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் இரண்டு விதமாகவும் கேட்டேன், அப்படியேதான், இந்த ஆட்டலை நம்பலாம்.

இதை நாளை விரைவுத் தபாலில் போடுகிறேன், வெள்ளிக்குள் வந்துவிடும். பேராசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை சொல். எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். இனி அம்மாவிடம் எதைக் கேட்டாலும், கேட்டுவிட்டு உடனே ஃபோனை வைக்காதே.

இப்படிக்கு,
போதுமானதாக இல்லாத ஆதரவு அமைப்பு,
அப்பா