நான்காம் எண் பேருந்தின் வழிகாட்டி

பிப்ரவரி 9

என் செல்ல மகளுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ஆமாம்மா" என்று எழுதிவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது. மற்றதை நானே தெரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது, உட்கார்ந்து படி. அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஒரு குழாயையும் சும்மா விடுவதில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி, ஒழுகுமா என்று பார்த்து, திரும்ப மாட்டுகிறார். குடிநீர் வாரியத்தில் இருந்தவரை ஊரிலுள்ள குழாய்கள் எல்லாம் அவரைப் பங்குபோட்டுக்கொண்டன. இப்போது மொத்த மனிதரும் என் சமையலறைக்குத்தான். பொறுக்க முடியாமல், "எங்கேயாவது போயிட்டு வரலாமே" என்றேன். "எங்க?" என்றார். "கப்பல்ல" என்றேன். என்ன நினைத்தாரோ, "சரி" என்றுவிட்டார்.

சும்மா வாயில் வந்ததைச் சொல்லவில்லை நான். பயண அலுவலகத்தில் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். உல்லாசக் கப்பலாம். தினம் ஒரு துறைமுகத்தில் நிற்குமாம். காலையில் பேருந்தில் ஏற்றி, பழைய ஊர்களைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். அதில் ஒரு துறைமுகம் உன் ஊர். "மலைமேல் பழைய நகரம், முழு நாள்" என்று போட்டிருக்கிறது. அதற்கு வழிகாட்டி நீதானே? எந்தப் பேருந்து உன்னுடையது என்று எழுது, அதிலேயே இடம் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பமாட்டார். ஆறு வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போகிற மனிதர். பேருந்தை விட்டு எழுந்து எங்கே போவார்? நேரில் பார்த்தால் மனசு தானாக இளகிவிடும்.

பதிலை என் தையல் கடை முகவரிக்குப் போடு.

உன் அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று ரொட்டியும் இரண்டு முட்டையும். போதுமா?

நீ வருகிறாய் என்று படித்ததும் எழுந்து அறைக்குள் மூன்று சுற்று நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

என் பேருந்து நான்காம் எண், தமிழ் பேசுகிறவர்களுக்கானது. கப்பல் வந்தால் துறைமுக வாசலில் ஒரு கம்பில் "4" என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். சட்டையில் அதே எண் ஒட்டியவர்கள் எல்லாம் என் பிள்ளைகள், எழுபது வயதானாலும். ஓடிப் போகாமல், வெயிலில் விழாமல், கப்பல் கிளம்புவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போன வாரம் ஈராயிரம் வருஷத்துப் பொதுக் கழிப்பறையின் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, கழிப்பறை எங்கே?" என்றார். "இதுதாங்க" என்றேன். "இது இல்லம்மா, இன்னிக்குப் போறது" என்றார்.

சிரித்துவிட்டாயா? இப்போது திட்டப் போகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் அழைத்து வராதே. அவருடைய வாரியத்திலேயே கிடைத்த வேலையை நான் மூன்றே வாரத்தில் விட்டதற்காக அவர் பேசாமல் இருக்கிறார் என்றுதான் உறவுக்காரர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கும் உனக்கும் அப்படி இல்லை என்று தெரியும். பழங்காலத்து ஊர்களைப் பற்றிப் படிக்க வெளிநாடு கிளம்புகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். என் சிநேகிதிகளிடம் சொன்னேன். அவரிடம் சொல்ல நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருடைய மேலதிகாரி அவர் மேசை எதிரில் வந்து நின்று, "என்ன சார், பொண்ணு ராஜினாமா பண்ணிட்டு வெளிநாடு போகுதாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உனக்கும் தெரியுமா?"

இப்போது மறுபடியும் அதையேவா செய்யப் போகிறோம்? முப்பது பேருக்கு நடுவில், சட்டையில் எண் சீட்டு ஒட்டிக்கொண்டு, திடீரென்று என்னைப் பார்த்து அவர் நிற்க வேண்டுமா? சொல்லிவிடு அம்மா. சொன்ன பிறகு வரவில்லை என்றால் வரவேண்டாம். நான் கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகள்

மார்ச் 14, கப்பலிலிருந்து

கண்ணு,

கடலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தண்ணீர்தான். எங்கள் அறையைப் பற்றி எழுதலாம். ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். அப்பா குளியலறைக் குழாயைத் திறந்து, கையை வைத்துப் பார்த்து, "அழுத்தம் நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். கப்பல் பிழைத்தது.

முதல் ஊரில் தூண்கள். பாதி நின்றுகொண்டும் பாதி படுத்துக்கொண்டும் இருந்தன. அப்பா வாயே திறக்கவில்லை. இரண்டாவது ஊரில்தான் கூத்து. எல்லாரும் அரங்கத்துப் படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் தெருவில் ஒரு கல் இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அடியில் சாக்கடை ஓடுகிறதாம். அப்படியே குப்புறப் படுத்துக் கண்ணை வைத்துப் பார்க்கிறார்! புதுச் சட்டை! "இந்தத் தண்ணி எங்க போகுதுங்க?" என்று அந்த ஊர் வழிகாட்டியைக் கேட்டார். அவன் கையில் இருந்த தாளைப் பார்த்து, "சார், அது நிகழ்ச்சியில இல்ல" என்றான். அவ்வளவுதான். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, "நிகழ்ச்சியில இல்லியாம்! தண்ணி போற வழி நிகழ்ச்சியில இல்லியாம்!" என்று புலம்பல்.

சரி, நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று இன்று காலை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். உன் ஊருக்குத்தான் போகிறோம், நான்காம் எண் பேருந்து உன்னுடையது, எல்லாவற்றையும்.

கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுவும் உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். நான் மட்டும் வேடிக்கை பாக்க வந்தவன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "அவதான் உங்ககிட்டச் சொல்லச் சொன்னா. நான்தான் இழுத்தடிச்சேன்" என்றேன். "எப்பச் சொன்னா?" "கிளம்பறதுக்கு முன்னாலயே." அதைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து, சுற்றுலாச் சீட்டுகள் கொடுக்கிற கவுண்டருக்குப் போயிருக்கிறார். ரத்து செய்யவா, வேறு பேருந்துக்கு மாற்றவா, தெரியவில்லை. பின்னாலேயே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தத் துறைமுகத்தில் தபால் பெட்டி இருக்கிறது, போட்டுவிடுகிறேன். நாங்கள் வருவதற்கு முன் உனக்குக் கிடைத்துவிடுமாம். நான் எப்படியும் வருவேன். அவரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

உன் அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி என்று நீ பழைய நகரத்து வாசல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாய். திரும்பி வந்தபோது உன்னோடு தனியாகப் பேச இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. மேலே என்ன நடந்தது என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நான்கு நாள் கழித்துக் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு இதை அனுப்புகிறேன்.

பேருந்தில் எனக்கு நேர் பின்னால் அவர் வந்து உட்கார்ந்ததை நீயும் பார்த்தாய். "வணக்கங்க" என்றார். நானும் "வணக்கங்க" என்றேன். வழி நெடுக ஒலிபெருக்கியில் பேசினேன், என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. கழுத்தைத் திருப்பவே இல்லை.

மலை உச்சிக்குப் போனதும் முதல் கேள்வி. "இந்த மேட்டுக்குத் தண்ணி எப்படிங்க ஏறுச்சு?" என்னை "நீங்க" என்கிறார், அம்மா. என் அப்பா. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதுவரை வந்த ஒருவரும் கேட்காத கேள்வி.

"எதிர்ல அந்த மலை தெரியுதுங்களா? அது இன்னும் உயரம். அங்கிருந்து பள்ளத்துல இறங்கி, திரும்ப இங்க ஏறுச்சுங்க" என்றேன்.

"வாய்க்காலா, குழாயா?"

"குழாய்ங்க. சுட்ட மண் குழாய்."

"பள்ளத்துல அழுத்தம் தாங்காதே?"

"அங்க மட்டும் கல்லைக் குடைஞ்சு குழாய் போட்டிருக்காங்க."

"ம்ம்" என்றார். அந்த "ம்ம்" உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கி வந்தால் வருமே, அது.

அதற்குப் பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குளியல் கூடத்தில் தரைக்கு அடியில் எப்படிச் சூடு பரவியது, சாக்கடைக்கு எவ்வளவு சரிவு கொடுத்தார்கள், கல் மூடியை எப்படித் தூக்கினார்கள். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மாள் கல்லில் காதை வைத்தே கேட்டார்.

கடைசியாகப் பாறைக்குள் இருக்கும் நீர்த்தொட்டிக்கு இறங்கினோம். உள்ளே குளிர்ச்சி, அரை இருட்டு, பாசி வழுக்கும் படிகள். தூரத்துச் சுவரில் இடிந்து மூடிய ஒரு சுரங்கவாய் இருக்கிறது. "அது எங்க போகுதுங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாதா?"

"யாருக்குமே தெரியாதுங்க. இன்னும் தோண்டல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முகமே மலர்ந்துவிட்டது. "சரி, உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை அம்மா. நானும் அவருக்குச் சொன்னதில்லை. இந்த மலைக்குள்ளேயே ஓர் ஊற்று இருந்திருக்கும், முற்றுகை வந்து வெளிக் குழாயை எதிரி உடைத்தாலும் ஊர் தவிக்காமல் இருக்க அதை ஒளித்து வைத்திருப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். வழிகாட்டிகள் நாங்கள் எப்போதும் கூட்டத்தைப் பார்த்தபடி பின்புறமாக நடந்துதான் பேசுவோம். பேச்சு மும்முரத்தில் படி முடிந்து தொட்டி தொடங்கியது தெரியவில்லை.

"ஏய்! பின்னாடி பாருடி!"

குகை முழுக்க அந்தக் குரல். பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். என் ஒரு கால் அந்தரத்தில். அட்டை தொட்டிக்குள் விழுந்தது.

தொப்பி அம்மாளுக்குக் கோபம். "என்ன சார், காப்பாத்தினது சரி. அதுக்காக வழிகாட்டியைப் போய் 'டி' போட்டுப் பேசறதா?"

"அவ என் பொண்ணுங்க" என்றார்.

அவர் என் கையை விடவில்லை. என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேலைய விட்டதுக்கு நான் கோவிச்சுக்கல" என்றார்.

"தெரியும்ப்பா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான். ரெண்டு நாள் கழிச்சு நானே சரின்னும் சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு நாளை நீ எனக்குக் குடுக்கல."

அழுதேன். முப்பது பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்தப் பாசிச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. அவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் காத்திருக்காங்க. அந்த ஊத்து விஷயத்த முழுசாச் சொல்லு" என்றார்.

சொல்லி முடித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான்.

உன் மகள்

மார்ச் 23, கப்பலிலிருந்து

என் கண்ணே,

இத்தனை நடந்திருக்கிறது! மரத்தடிக்கு வந்தவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "முட்டி எப்படி இருக்கு?" அவ்வளவுதான். பேருந்தில் நீ கண் சிவந்து பேசுகிறாய், அவர் ஜன்னலைப் பார்க்கிறார், பின் இருக்கையில் ஒரு தொப்பிக்காரி என்னைப் பார்த்து என்னவோ சொந்தக்காரி மாதிரி சிரிக்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. உன் கடிதம் வந்துதான் அழுதேன். எல்லாரும் அழுது முடித்த பிறகு தனியாக.

சீட்டு கொடுக்கும் கவுண்டர் பெண்ணிடம் நேற்று பேச்சுக் கொடுத்தேன். அன்று அவர் ரத்து செய்யப் போகவில்லையாம். முன் வரிசை இருக்கைக்கு மாற்றிக் கேட்டாராம். "பின்னாடி உக்காந்தா வழிகாட்டி பேசறது கேக்காது" என்றாராம்.

உன்னை மன்னித்துவிட்டார். என்னை இன்னும் இல்லை. "நீயும் சேர்ந்துதானே மறைச்ச" என்று இன்று காலை காபி குடிக்கும்போது கேட்டார். கேட்கட்டும், நியாயம்தானே. கேட்க ஆரம்பித்ததே பெரிய விஷயம். இத்தனை வருஷம் தோட்டத்துக்கல்லவா போய்க்கொண்டிருந்தார்!

உன் முகவரியை எழுதித் தரச் சொன்னார். கடிதம் எழுதுகிறாராம். எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டார்.

உன் அம்மா

ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வரி இல்லை, நலம் என்று ஒரு வரி இல்லை. நான்கு பக்கமும் கேள்வி, ஐந்தாவது பக்கம் படம். இப்படி ஒரு கடிதம் எனக்கு யாரும் எழுதியதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

குழாய் இணைப்புகளைச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து அடைத்திருக்கிறார்கள். உடைந்த துண்டு ஒன்றை அருங்காட்சியகத்தில் கேட்டுத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் கல்லாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரிவு பற்றிய உங்கள் கணக்கைத் தோண்டும் குழுவின் தலைவியிடம் காட்டினேன். ஓர் இடத்தில் தவறு என்றார், மற்றது சரி என்றார். எந்த இடம் என்று உங்கள் படத்தின் நகலில் சிவப்பு மையால் குறித்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சுரங்கவாயைத் திறக்கப் போகிறார்கள். குழுவில் சேரச் சொல்லி நேற்று தலைவி என்னைக் கூப்பிட்டார். சேர்ந்தால் பேருந்து வேலையை விட வேண்டும். ஒரு வருஷத்துக்குத்தான் உறுதி. ஊற்று இருக்கலாம், வெறும் மண்ணாகவும் இருக்கலாம். எனக்கு ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

"அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். தலைவி சிரித்தார். இந்த வயதில் அப்பாவைக் கேட்கிறாயா என்றார். ஆமாம் என்றேன்.

நீங்கள் யோசித்து எழுதுங்கள், அதுவரை நான் யாருக்கும் பதில் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்